சொடக்குக்காய் நின்ற சரிவு

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலோ பூ மார்க்கெட் வாசலிலோ, தலையைக் குனிந்துகொண்டு சாக்கடை ஓரத்தையே பார்த்தபடி போகும் ஒரு தொந்திக்காரரை நீங்கள் பார்த்திருக்கலாம். அது நான்தான். ஓய்வு பெற்ற பிறகும் செடி தேடுகிற நடை என்னை விட்டுப் போகவில்லை. போன வாரம்கூட ஒருவர் பின்னாலேயே வந்து, "என்னத்தத் தொலைச்சிய அண்ணாச்சி? நானும் தேடுதேன்" என்றார். ஒன்றும் தொலைக்கவில்லை என்று சொன்னேன். நம்பவில்லை. கொஞ்ச தூரம் என்னோடு குனிந்தே நடந்து பார்த்தார். மோதிரம் எதுவும் தட்டுப்படாததால் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் விதை சேகரிக்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். விதையை எப்படிக் காயவைப்பது, எந்தக் குளிரில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப் போனால் நீங்கள்தான் என்னைத் திருத்த வேண்டியிருக்கும். உங்கள் பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லுகிறேன். மலையிலிருந்து எப்போது இறங்க வேண்டும் என்பது அது. ஏறுவதற்கு நூறு பேர் சொல்லித் தருவார்கள். எனக்கு மேல் இருந்த அதிகாரிகள் எல்லாரும் "ஏறு, ஏறு" என்றுதான் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் மலையைக் காலண்டரில் பார்த்தவர்கள்.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலைச்சரிவில் ஒரு காட்டுப் பயறு இருந்தது. பட்டாணிக் குடும்பத்துக் கொடி. அதன் லத்தீன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அது பூத்துக் காய்த்து முடித்துவிடும், அவ்வளவு நீளம். ஆடு மேய்க்கிறவர்கள் சொடக்குக்காய் என்று சொல்வார்கள். காய் முற்றி, வெயிலில் நன்றாக முறுகியதும், இரண்டு பாதியும் திருகிக்கொண்டு வெடிக்கும். விரலில் சொடக்குப் போட்டதுபோல ஒரு சத்தம். விதை பறந்துபோய் எங்கேயாவது விழும். மத்தியான வெயிலில் ஆளே இல்லாத சரிவில் நின்று கேட்டால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடக்குச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். யாரோ நம்மைக் கூப்பிட நினைத்து, பெயர் தெரியாததால் சொடக்குப் போடுவது போல.

மலையில் வேறு இடங்களில் இருந்த கொடிகள் ஒரு கோடைத் தீயில் போய்விட்டன. ஒரே ஒரு பாறைத்திட்டில் மட்டும் மிச்சம் இருந்தது. முதல் வருடம், வெடித்துவிடுமோ என்ற பயத்தில் காயைப் பச்சையாகவே பறித்துவந்தோம். விதைத்துப் பார்த்தால் ஒன்றுகூட முளைக்கவில்லை. அதற்கு அதிகமாகக் கலங்கியது, எனக்குக் கீழே வேலை பார்த்த பேச்சியம்மாள். மேலநீலிதநல்லூர்க்காரி, என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள், என்னைவிட நூறு மடங்கு பிடிவாதக்காரி. காலியாகக் கிடந்த தொட்டிகளைத் தினமும் வந்து பார்ப்பாள். "அடுத்த தை மாசம் முத்தவிட்டு எடுக்கணும் அண்ணாச்சி. அப்பவும் தப்பிச்சின்னா இந்தச் செடி கிடையாது, பாத்துக்கிடுங்க" என்றாள். எனக்கென்னவோ அவள் செடியைச் சொல்லவில்லை, என்னைத்தான் மிரட்டுகிறாள் என்று தோன்றியது.

அடுத்த தை மாதம் அவள் சொன்னபடியே செய்தோம். காய்க்கொத்து ஒவ்வொன்றையும் மல்துணிப் பையால் மூடிக் கட்டினோம். பைக்குள்ளேயே வெடித்தால் விதை பையிலேயே நிற்கும், முற்றிய விதையாகவும் இருக்கும். சரியான திட்டம். ஆனால் கட்டிவிட்டு வந்த பிறகு பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. ஈரத்துணிக்குள் காய் இருந்தால் பூசணம் பிடித்து விதை செத்துப்போகும். மழை விட்ட முதல் காலையிலேயே பேச்சி என் வீட்டு வாசலில் ஜீப்போடு நின்றாள். "கிளம்புங்க அண்ணாச்சி, அழுகுததுக்கு முன்னால எடுத்துருவோம்." என் தட்டில் மூன்றாவது தோசை அப்படியே கிடந்தது. இன்றுவரை அதற்கு நான் துக்கம் கொண்டாடுகிறேன்.

எங்களுக்கு வழித்துணையாக வந்தவர் மாடசாமி, காட்டிலாகா வாச்சர். வாய் ஓயாத மனிதர். அன்றைக்கு ஓடைக்கரை வரை பேசிக்கொண்டே வந்தவர், அங்கே வந்ததும் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போயிட்டு வாங்க சார். ஓடைத் தண்ணி கூடுதா கொறையுதான்னு பாக்க இங்கன ஒரு ஆள் வேணும்லா."

"பயமா வே?" என்றேன்.

"பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. மழ பெஞ்ச மறுநாள் நாங்க யாரும் அந்தத் திட்டுக்குப் போறதில்ல, அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் சொல்லுதேன். பின்னால சொடக்குச் சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காதிய."

"ஏன், பாத்தா என்ன ஆகும்?"

"யாருன்னு தெரிஞ்சுபோகும்லா."

பேச்சி சிரித்தாள். நானும் சிரித்தேன். மாடசாமி சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் திரும்பி வராவிட்டாலும் வீணாகிவிடக் கூடாதல்லவா.

மேலே ஏற ஏறப் பனிமூட்டம் எங்களுக்குக் கீழேயிருந்து கிளம்பி வந்தது. மேலிருந்து இறங்குகிற மூட்டம் ஒரு மாதிரி. கீழேயிருந்து ஏறிவருவது வேறு மாதிரி. நாம் நடந்துவந்த வழியை ஒவ்வொரு அடியாக யாரோ துடைத்துக்கொண்டே பின்னால் வருவதுபோல் இருக்கும். திட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கீழே உலகமே இல்லை.

கொடிகள் நின்றது பாறையின் விளிம்பில், ஓர் ஆள் பக்கவாட்டில் நகர்ந்து போகிற அளவுக்கு ஒடுக்கமான ஒரு படியில். என் வயிற்றை அந்த விளிம்பு ஏற்றுக்கொள்ளாது. முந்தைய முறை முயன்று பார்த்ததில் நானும் பாறையும் நெடுநேரம் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். ஆகவே நான் மேலே மண்மேட்டில் தகரப் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். பேச்சி விளிம்பில் இறங்கினாள். முதலில் சில பைகளை அவிழ்த்துக்கொண்டு வந்து பெட்டியில் போட்டாள். மறுபடி போனாள். இந்தத் தடவை மூட்டம் அவளை மூடிவிட்டது. அவள் குரல் மட்டும் வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சொடக்.

தெளிவாக, காய்ந்த சத்தம். வேறு யாராக இருந்தாலும் மாடசாமி சொன்னதை நினைத்து அந்த இடத்திலேயே வேட்டியை மடித்துக் கட்டியிருப்பான். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சந்தோஷப்பட்டோம்! வருடம் முழுக்க நாங்கள் காத்திருந்த சத்தம் அதுதானே.

"பேச்சி, காய் வெடிக்கு!" என்று கத்தினேன்.

"கேட்டுது அண்ணாச்சி! அப்ப நல்லா முத்திட்டு. உள்ள தள்ளி நெறைய பை கெடக்கு, எல்லாத்தையும் அவுத்துட்டு வாரேன்."

இன்னும் உள்ளே போனாள். சொடக், சொடக் என்று வந்துகொண்டே இருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நானும் விரலைத் தூக்கி ஒரு சொடக்குப் போட்டேன்.

சத்தம் நின்றது. பிறகு இரண்டு சொடக்கு வந்தது.

நான் சிரித்தேன். மறுபடி ஒன்று போட்டேன். மறுபடி இரண்டு வந்தது. அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் சிரித்தபடி இருந்தது, மற்றதெல்லாம் நின்றுவிட்டது.

மனதைத் தேற்றிக்கொள்ள, ஒரு காய் வெடிப்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று பக்கத்தில் கிடந்த கொடியைப் பிடித்தேன். பை கட்ட விட்டுப்போன ஒற்றைக் கொடி. காயைத் தொட்டால் நனைந்த துணி மாதிரி இருந்தது. விரலுக்கு வளைந்தது. இரண்டு பாதியும் இறுக ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த காயும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படியே. எங்கள் வேலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது: ஈரத்தில் இந்தக் காய் வெடிக்காது. வெயில் வேண்டும், முறுக வேண்டும். அதோடு, பைக்குள் வெடித்தால் சத்தம் துணியில் அமுங்கித்தான் வரும். இது அமுங்கவே இல்லை.

"பேச்சி," என்று கூப்பிட்டேன். "உன் கையில இருக்க காயில எதுவும் வெடிச்சிருக்கா?"

பைகளைத் தடவிப் பார்க்கிற சத்தம் வந்தது.

"இல்ல அண்ணாச்சி. எல்லாம் ஊறிப்போயி மூடிக் கெடக்கு."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

எங்கள் பேச்சுக்கு நடுவில், சொடக்.

"அப்ப யாரு அண்ணாச்சி சொடக்கு போடுதது?"

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். நம் தொழில்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்று புரியவில்லை என்றால், புரிகிற வரை அங்கேயே நிற்போம். அதற்காகத்தான் சம்பளமே வாங்குகிறோம். யானை மூங்கில் ஒடிக்கிறதா? கேட்டுப் பார்த்தேன். அந்தப் பாறையில் மூங்கிலும் இல்லை, யானை நிற்க இடமும் இல்லை. குரங்கா? கல் தட்டுகிறதா? மூளை கேள்வியாகப் போட்டுக்கொண்டே போனது. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் தேடிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தேன்.

"சத்தம் எங்கேருந்து வருது, பேச்சி?"

"எனக்குக் கீழ இருந்து."

எனக்கும் கீழே இருந்துதான் வந்தது. அவள் என்னைவிட இரண்டு ஆள் உயரம் கீழே, பாறையின் அந்தப் பக்கத்தில் இருந்தாள். நான் மேலே, மண்ணில். இரண்டு பேருக்கும் காலுக்கடியில். உள்ளங்கையை மண்ணில் வைத்தேன். அடுத்த சொடக்கு காதில் கேட்பதற்கு முன்னால் கையில் தெரிந்தது.

அது என்ன என்று எனக்கு அப்போதும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று அந்த நொடியில்தான் முடிவு செய்தேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அது. மற்றதெல்லாம் கோப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

"மேல வா. போவோம்."

"இன்னும் பாதி கெடக்கு அண்ணாச்சி."

"கெடக்கட்டும். வா."

"கெடக்கட்டுமா? போன வருசம் மாதிரி வெறுந்தொட்டியப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்லுதியளா? இத விட்டா வேற எங்கன இருக்கு, சொல்லுங்க. நீங்க வேணா போங்க. நான் எடுத்துட்டுத்தான் வருவேன்."

நான் அவளுக்கு மேலதிகாரி. உத்தரவு போடலாம். பேச்சி இதுவரை கேட்ட உத்தரவு எதுவும் என் நினைவில் இல்லை. கெஞ்சலாம். அதற்கு அவள் இன்னும் உள்ளே போவாள். ஆபத்து என்று கத்தலாம். என்ன ஆபத்து என்று கேட்பாள், எனக்குப் பதில் தெரியாது. அவள் விதைக்காக வந்தவள், விதைக்காக நிற்கிறவள். விதை எங்கே போகிறதோ அங்கேதான் அவள் வருவாள்.

பெட்டியைச் சத்தம் கேட்கிற மாதிரி டப்பென்று மூடினேன்.

"நான் இறங்குதேன் பேச்சி. இதுவரைக்கும் எடுத்த பையெல்லாம் எங்கிட்ட இருக்கு. வழி வழுக்குது, நான் எப்படி நடப்பேன்னு உனக்குத் தெரியும். பெட்டியோட விழுந்தேன்னா நீயே வந்து பொறுக்கிக்கோ."

சொல்லிவிட்டு நிஜமாகவே நடக்க ஆரம்பித்தேன். பத்தடி போவதற்குள் பின்னால் வசவு கேட்டது. என் வயது, என் வயிறு, என் படிப்பு, எனக்கு வேலை கொடுத்தவர்கள் என்று ஒருவரும் மிச்சமில்லை. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. மடியில் கடைசியாக அவிழ்த்த ஒரு பையோடு வந்து, என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவள் முன்னால் போய்விட்டதால் நான் கடைசி ஆள் ஆனேன். எனக்குப் பின்னால் சொடக்குச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நிதானமாக, விட்டுவிட்டு. விஞ்ஞானம் படித்தவன் நான். திரும்பிப் பார்க்கவே இல்லை. ஓடைக்கு வந்த பிறகு பேச்சி கேட்டாள், "என்ன, கழுத்து இப்படி வெறச்சுப்போயி இருக்கு?" சுளுக்கு என்றேன்.

ஓடையில் தண்ணீர் குறைந்திருந்தது. மேலே அவ்வளவு மழை பெய்திருக்க, தண்ணீர் குறைந்து, செம்மண்ணைக் கரைத்த நிறத்தில் ஓடியது. மாடசாமி எழுந்து நின்று எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டுதோ?"

பேச்சி நிற்காமல் ஜீப்பைப் பார்த்து நடந்தாள். வாய் ஓயாத அந்த மனிதர் ஜீப் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச்சி என்னோடு பேசாமல் வந்தாள். வாசுதேவநல்லூரில் டீ குடிக்க இறங்கியபோது மட்டும், கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு செடி உலகத்துல இல்லாமப் போனதுக்கு நீங்க காரணமா இருக்கக் கூடாதுன்னு சாமியக் கும்பிட்டுக்கிடுங்க." எனக்கு டீ இறங்கவில்லை. வடை இறங்கியது, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் காலையில் மாடசாமி போன் செய்தார்.

"சார், அந்தத் திட்டு இல்ல."

"எந்தத் திட்டு?"

"நீங்க உக்காந்திருந்தது. பேச்சியம்மா எறங்கினது. ஒண்ணும் இல்ல. நேத்து உங்க ஜீப்பு கெளம்பின கொஞ்ச நேரத்துலயே போயிட்டாம்."

போய்ப் பார்த்தோம். தோலை உரித்தது மாதிரி சரிவு சிவப்பாகக் கிடந்தது. பாறை, மண், கொடி, நாங்கள் அவிழ்க்காமல் விட்ட பைகள் எல்லாம் ஓடைக்குள் போயிருந்தன. கல்லிடுக்கில் ஒரு பைகூடக் கிடைக்கவில்லை. பேச்சி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் அங்கனதான் நின்னிருப்பேன் அண்ணாச்சி" என்றாள்.

விவரம் தெரிந்தவர்கள் பிறகு விளக்கம் சொன்னார்கள். மழையில் ஊறிய மண் பாறையைவிட்டு நழுவத் தொடங்கும்போது, உள்ளே இருக்கிற வேர்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு அறும். அந்தச் சத்தம்தான். நல்ல விளக்கம். நானும் அதையே என் அறிக்கையில் எழுதினேன். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு பேச்சி என் மேஜைக்கு வந்தாள்.

"வேர்னா சரி. நீங்க ஒண்ணு போட்டா அது ரெண்டு போட்டுச்சே, வேருக்கு எண்ணத் தெரியுமா?"

நான் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த காகிதங்கள்.

பெட்டியில் வந்த விதைகள் முளைத்தன. எல்லாம் இல்லை, கொஞ்சம். சங்கரன்கோவில் வெயிலில் பேச்சி அவற்றுக்கு ஈரச்சாக்கு கட்டி நிழற்கொட்டகை போட்டு, கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கொடி படர்ந்தது, பூத்தது. ஆனால் காய் பிடிக்கவில்லை. மலையில் அந்தப் பூவுக்கு வருகிற ஏதோ ஒரு வண்டு இங்கே இல்லை. பூ வந்து, யாருக்காகவோ காத்திருந்து, உதிரும். அந்தக் கொட்டகைக்குள் தனியாக நிற்க எனக்கு என்னவோ போல் இருக்கும். பிறகு பேச்சி மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டுவைத்தாள். காய் வந்தது. அந்த விதைகளை மலையில் பத்திரமான சரிவுகளாகப் பார்த்துத் தூவினாள். எங்கே என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. "உங்க வாய் சரியில்ல அண்ணாச்சி" என்றாள். நியாயம்தான்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்றேன். அவள் இப்போதும் வேலையில் இருக்கிறாள். உங்களை மலைக்குக் கூட்டிப்போகப் போகிறவள் அவள்தான். திட்டினால் பின்னாலேயே போங்கள், நல்ல நேரம் என்று அர்த்தம்.

போன தை மாதம் ஒரு மத்தியானம் எனக்குப் போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள். மலையிலிருந்துதான்.

"அண்ணாச்சி, சொடக்குக்காய் நிக்கு. பாறை முழுக்கப் படர்ந்து கெடக்கு."

"நல்லதுதானே. நீ தூவினதுதான் பிடிச்சிருக்கும்."

"இங்கன நான் தூவல. இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல. அந்தத் திட்டு சரிஞ்சு போனதப் பாத்தோம்லா, அதுக்கு நேரெதிர் மலை. நடுவுல அவ்வளவு பெரிய பள்ளம். கொடியெல்லாம் ரொம்ப வயசான கொடி அண்ணாச்சி, என் மணிக்கட்டு தண்டிக்கு இருக்கு. இத்தன வருசமா நாம தேடாத எடமா? அப்பல்லாம் எங்கன இருந்துச்சு?"

நான் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"யாரோ தழையெல்லாம் ஒதுக்கிவிட்ட மாதிரி அடி சுத்தமா இருக்கு. ஆடு வார தடம் இல்ல. ஆளு வார தடமும் இல்ல."

"விதை எடுத்தியா?" என்று கேட்டேன். பழக்க தோஷம்.

"பையை எடுத்தேன். கையும் நீட்டினேன். எடுக்கல அண்ணாச்சி. இத ஏற்கெனவே யாரோ பாத்துக்கிடுதாக."

இருபது வருடங்களில் பேச்சி ஒரு சரிவிலிருந்து வெறுங்கையோடு வருகிறாள் என்றால் அது அன்றைக்குத்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. யார் என்றும் கேட்கவில்லை. "சரிம்மா, இறங்கி வா. போனை மட்டும் வைக்காதே" என்றேன்.

அவள் இறங்க இறங்க நான் பேசிக்கொண்டே இருந்தேன். பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை, என் முட்டிவலி, என் மனைவி எனக்கு மூன்றாவது தோசையை நிறுத்திவிட்ட அநியாயம். அவள் பக்கமிருந்து ம், ம் என்று மட்டும் வந்தது. அவளுக்குப் பின்னால் வேறு சத்தம் எதுவும் என் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, மூச்சு விடாமல் பேசினேன்.

"தார் ரோட்டுக்கு வந்துட்டேன் அண்ணாச்சி, வைங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் வைத்தேன்.